பந்தோபஸ்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம்

மேலகரம் நிர்மலாதேவிக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. போலீசில் சேர்ந்ததால் வந்த பழக்கம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். இந்தப் பழக்கம் இருந்ததால்தான் போலீசில் சேர்ந்தாள் என்று அவளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் சொல்வார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்குவதற்குள் அவர் எந்த ஊர், யார் வீட்டுக்குப் போகிறார், அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது வரை கறந்துவிடுவாள். தலைமைக் காவலர் ஆன பிறகு அதற்குச் சம்பளமும் வந்தது, அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவளின் மூக்குக்குக் கீழேயே தம்பி இசக்கிமணி வருஷக்கணக்கில் ஒருத்தியைக் காதலித்திருக்கிறான். ஒரு நாள் காலையில் பால் கொண்டுவந்து வைத்தவன், வாசல்படியில் நின்றபடியே சொன்னான்.

"அக்கா, ஆனி மாசம் கல்யாணம் வச்சிருக்கோம். பொண்ணு பேரு பெர்சிஸ். பாவூர்சத்திரம். நம்ம பண்ணையிலயே வைக்கோம்."

அவனைப் பொறுத்தவரை இது ஒரு மேடைப் பேச்சு. மாட்டிடம்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். நிர்மலாதேவி வாயைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. தென்காசி பஜாரில் யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்று விரல்நுனியில் வைத்திருப்பவள், சொந்த வீட்டில் கோட்டைவிட்டிருக்கிறாள்.

பண்ணை என்பது அப்பா விட்டுப்போன நிலம். ஐந்தருவி ரோட்டிலிருந்து பிரிந்து மலைச் சரிவில் ஏறினால் வரும். சுற்றிலும் தென்னை, நடுவில் தீவனப்புல், ஓரத்தில் நீளமான தொழுவம், அதில் கறவை மாடுகள். பின்னால் மலை நேராக எழுந்து நிற்கும். இசக்கிமணி தொழுவத்தை ஒட்டி ஓர் அறை போட்டுக்கொண்டு அங்கேயே கிடக்கிறான். அங்கே கல்யாணம் என்றதும் ஊரே வாயைப் பிளந்தது. தென்காசியில் ஏசி மண்டபங்கள் காத்துக் கிடக்க, மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் பந்தலா?

"டெஸ்டினேஷன் வெட்டிங்காம்லா! சினிமாக்காரங்க கணக்கா!" என்று தையல்கடையில் ஒரு பேச்சு. மாப்பிள்ளை இந்து, பெண் கிறிஸ்தவள், கோயிலா சர்ச்சா என்று இழுபறி வரக்கூடாதென்று மாட்டிடம் போய்விட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. நிர்மலாதேவிக்கு இரண்டும் ஒட்டவில்லை. பெண்ணின் அப்பா ஏசுதாசன், ஜெபம் பண்ணப் போதகரைப் பண்ணைக்கே அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டார். இலஞ்சி முருகனுக்கு முதல் நாளே அர்ச்சனை செய்வதென்று இவர்கள் பக்கமும் முடிவாகிவிட்டது. சண்டையே இல்லாத இடத்தில் சண்டைக்குப் பயந்து யார் மலை ஏறுவார்கள்?

மலையை விடுங்கள். ஏன் ஆனி? ஆனியில் குற்றாலத்தில் சீசன். சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால் போலீசுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. வருஷம் தவறாமல் அவளுக்கு ஐந்தருவியில் பெண்கள் பக்கம் பந்தோபஸ்து. விசிலை ஊதி ஊதி உதடு வீங்கிப்போகும். இது தம்பிக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தே ஆனியில் வைத்திருக்கிறான் என்றால், அக்கா வராமல் இருந்தால் தேவலை என்றுதானே பொருள்?

இப்படி நினைக்க அவளுக்குக் காரணம் இருந்தது. தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மீதி இரண்டையும் அவன் உடன்பிறந்தவள் போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். நாத்தனார் முடிச்சு என்பார்கள். இந்து வீட்டிலும் உண்டு, கிறிஸ்தவ வீட்டிலும் உண்டு. நிர்மலாதேவி கட்டியவனோடு சரிப்பட்டு வராமல் பிரிந்து வந்த மறு வருஷம், சித்தப்பா மகனுக்குச் சுரண்டையில் கல்யாணம் நடந்தது. அவனுக்கு உடன்பிறந்தவள் கிடையாது. அக்கா முறைக்கு இவள்தான். முடிச்சுப் போடக் குனிந்தவளின் கையிலிருந்து மஞ்சள் கயிற்றை, அத்தை ரெங்கம்மாள் எல்லார் முன்னாலும் வாங்கினாள். "நீ ஒதுங்கிக்க தாயீ. வாழுத புள்ள யாராச்சும் வந்து போடுங்கட்டீ" என்றாள். திட்டவில்லை, கத்தவில்லை. அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவதுபோல வேலையோடு வேலையாகச் சொன்னாள். அதுதான் நிர்மலாதேவியைக் கொன்றது.

அதன் பிறகு சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் அவள் போனதில்லை. யார் பத்திரிகை வைத்தாலும் "அன்னைக்குப் பந்தோபஸ்து இருக்கே" என்பாள். தைப்பூசம், விநாயகர் சதுர்த்தி, ஐயப்ப சீசன், கட்சிக் கூட்டம் என்று போலீஸ்காரிக்குச் சாக்குக்கா பஞ்சம்? இப்போது கூடப்பிறந்த தம்பியின் கல்யாணம். அந்த இரண்டு முடிச்சும் அவளுடையவை. போய் நின்று இன்னொரு தரம் யாராவது கையிலிருந்து கயிற்றை வாங்கினால் அவளால் தாங்க முடியாது. போகவே வேண்டாம் என்று தம்பியே ஏற்பாடு செய்திருந்தால், அதை எப்படித் தாங்குவது என்றே தெரியவில்லை.

தம்பியிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. ஓய்வு நாளில் சாதாரணச் சேலையைக் கட்டிக்கொண்டு பாவூர்சத்திரத்துக்குப் பஸ் ஏறினாள்.

மார்க்கெட்டில் ஏலம் முடியும் நேரம். மூட்டை தூக்குபவர்கள் டெம்போவில் தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்று, சுரிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஒருத்தி, கடைசி லாட் கத்தரிக்காயை ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்தின் கடைசியில் நின்றவனுக்கும் காது அடைக்கும் குரல். கமிஷன் கடை ஏசுதாசனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது, அதிலிருந்து மகள்தான் ஏலம் விடுகிறாள் என்று பஸ்ஸிலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தாள் நிர்மலாதேவி. ஆனால் இப்படி ஒரு தொண்டையை எதிர்பார்க்கவில்லை.

ஸ்டூலிலிருந்து இறங்கிய பெர்சிஸ் நேராக இவளிடம் வந்தாள். "வாங்கக்கா. நீங்க எப்ப விசாரணைக்கு வருவீயன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"என்னய எப்படித் தெரியும்?"

"காய் வாங்க வாரவங்க காயப் பாப்பாங்க. நீங்க வந்ததுலருந்து ஆளுகளப் பாக்கீய."

கெட்டிக்காரிதான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள் நிர்மலாதேவி. குறித்ததை முகத்தில் காட்டவில்லை. டீ வந்தது. ஏசுதாசன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சிரித்தபடி கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நிர்மலாதேவி தொடங்கினாள்.

"எங்க வச்சுப் பாத்தே எந்தம்பிய?"

"அந்தா, அங்கனதான்" என்று கழிவுக் குவியலைக் காட்டினாள் பெர்சிஸ். முட்டைக்கோஸின் மேல் இலை, கேரட் தழை, நசுங்கிய தக்காளி, வாழைத்தண்டு எல்லாம் கிடந்தன. "மாட்டுக்கு எடுக்க வருவாவ. வேற பண்ணைக்காரங்களும் வருவாங்க, வாரிப்போட்டுட்டுப் போயிருவாங்க. இவுக மட்டும் ஒவ்வொரு இலையா எடுத்து மோந்து பாப்பாவ. ஓசிச் சரக்குக்கு இம்புட்டுச் சோதனையான்னு எனக்குச் சிரிப்பு. ஒரு நாள் கேட்டேபுட்டேன். கோஸு கூடுனா பால்ல கோஸு வாடை அடிக்கும்னாவ. அவ்வளவுதான். அடுத்த வார்த்தைக்கு நான் ஒரு மாசம் காத்துக் கெடந்தேன்."

நிர்மலாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "பொறவு?"

"அப்பாவுக்குக் கொரலு போச்சுல்லா. மொத நாளு நான் ஸ்டூல்ல ஏறுனப்போ ஒருத்தன் விடாம சிரிச்சான். கத்திக் கத்தி மத்தியானம் எனக்குத் தொண்ட கிழிஞ்சி ரத்தமே வந்துட்டு. சாயங்காலம் ஒங்க தம்பி ஒரு தூக்குவாளியக் கொண்டாந்து தராசு மேல வச்சிட்டு இலை எடுக்கப் போயிட்டாவ. தெறந்து பாத்தா சுடு பாலு. மொளகு, மஞ்சள், பனங்கல்கண்டு. மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும். நான் பதிலுக்கு கோஸு இலையத் தனியா, கேரட் தழையத் தனியாப் பிரிச்சுப் போட ஆரம்பிச்சேன்."

தினமும் தன் வீட்டுக்கும் அந்த வண்டியில்தான் பால் வருகிறது. அதில் ஒரு தூக்குவாளி கூடுதலாக இருப்பதை நிர்மலாதேவி பார்த்திருக்கிறாள். ஏதோ வாடிக்கை என்று நினைத்துக் கேட்காமல் விட்டிருக்கிறாள். வாழ்க்கையில் அவள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"யாரு மொதல்ல கேட்டது?"

"அவுக கேப்பாவளா? நான்தான். ஒரு நாள் மார்க்கெட்டு காலி. நான் ஸ்டூல்ல ஏறி நின்னு என்னையே ஏலம் விட்டேன். ஒரு தரம்னேன், வண்டியில கயிறு கட்டிக்கிட்டே இருந்தாவ. ரெண்டு தரம்னேன், கயித்த விட்டுட்டு ஓடியாந்து 'எனக்கு'ன்னாவ. மூச்சு வாங்குது. அப்பாவும் உள்ள இருந்து எட்டிப் பாத்துட்டாவ."

கடைக்குள் ஏசுதாசன் குரலில்லாமல் குலுங்கிச் சிரித்தார். இப்படி ஒரு வாக்குமூலத்தை நிர்மலாதேவி தன் சர்வீசில் வாங்கியதில்லை. இந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனது அவளுக்கே எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் கேட்க வந்த கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.

"சரி, கல்யாணம் ஏன் மலையில?"

"மேளச் சத்தம் கேட்டா மாடு பால அடக்கிக்கிடும். விட்டுட்டு மண்டபத்துக்குப் போனா கறக்க ஆளில்ல."

"பந்தலே தொழுவத்துக்குப் பக்கத்துல. அங்கன மேளம் அடிச்சா கேக்காதா?"

"வியூ நல்லாருக்கும்லாக்கா, போட்டோவுக்கு."

"ஆனி மாசம் அங்கன மஞ்சு எறங்குனா பக்கத்துல நிக்க மாடே தெரியாது. வியூவா? ஏட்டி, யாருகிட்ட?"

பெர்சிஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். இவ்வளவு நேரம் மார்க்கெட்டுக்கே கேட்கும்படி பேசியவள் இப்போது குரலை இறக்கினாள்.

"ஒங்க தம்பி எங்கிட்டச் சொன்னாவ. எந்த மாசம் வச்சாலும் எங்கக்காளுக்கு ஒரு பந்தோபஸ்து வந்துரும், எங்கக்கா எந்தக் கல்யாணத்துக்கும் வராதுன்னு. ஏன்னு கேட்டேன். சுரண்டையில நடந்ததச் சொன்னாவ. சொல்லும்போது அழுதுட்டாவ. பந்தோபஸ்து எங்கன்னு கேட்டேன். ஆனின்னா ஐந்தருவியிலன்னாவ. அப்போ கல்யாணத்தையும் ஐந்தருவிக்கே கொண்டுபோயிருவோம்னு சொன்னது நான்தான். அங்கன இருந்து பண்ணைக்கு வண்டியில வந்தா டீ குடிக்க நேரம். யூனிபார்மோட வந்து முடிச்சுப் போட்டுட்டுப் போயிரலாம். மண்டபம்னா மேடை ஒங்க அத்தை கையில. பண்ணைன்னா எங்க கையில. எங் கழுத்துல யாரு முடிச்சுப் போடணும்னு நான்தானக்கா சொல்லணும்?"

நிர்மலாதேவிக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். தன்னை ஒதுக்கிவிட்டான் என்று தம்பியைச் சந்தேகப்பட்ட குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். தன் அவமானத்தை இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக் கல்யாணத்துக்கு இடம் பார்த்திருக்கிறார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம்.

"என்னயப் பாத்துப் பாவப்பட்டு யாரும் மலையேற வேண்டாம்" என்று எழுந்துவிட்டாள். "எனக்கு அன்னைக்கு டூட்டி. டூட்டின்னா டூட்டிதான்."

"சரிக்கா" என்றாள் பெர்சிஸ். "நாங்க ஐந்தருவி பக்கத்துலதான் இருப்போம்."

கல்யாண நாள் விடிந்ததிலிருந்து நல்ல சாரல். ஐந்து கிளையிலும் தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியது. நிர்மலாதேவி யூனிபார்மும் பிளாஸ்டிக் கோட்டுமாகப் பெண்கள் பக்கம் நின்றாள். இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் கொடுத்திருப்பார். அவள் கேட்கவில்லை. கூட நின்ற காவலர் சொக்கம்மாள் காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள். "யக்கா, நான் பாத்துக்கிடுதேன், போயிட்டு வாங்க. ஒத்தத் தம்பில்லா?"

நிர்மலாதேவி விசில் ஊதினாள். ஆனால் கண் மட்டும் மேலே சரிவைப் பார்த்தது. மஞ்சுக்குள் ஒன்றும் தெரியவில்லை. இந்நேரம் தம்பி பட்டுவேட்டி கட்டியிருப்பான். வேட்டி கட்டத் தெரியாது அவனுக்கு, சின்ன வயதிலிருந்து இவள்தான் கட்டிவிடுவாள். இன்றைக்கு யார் கட்டிவிட்டார்களோ? அவளுக்குப் போக வேண்டும் என்றிருந்தது. அத்தை என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும், போய் நிற்க வேண்டும் என்றிருந்தது.

"சொக்கு, நீ பாத்துக்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தண்ணீரில் செம்மண் நிறம் ஏறியிருந்தது. சருகும் குச்சியும் சேர்ந்து விழ ஆரம்பித்தன.

அப்புறம் யோசிக்க நேரமில்லை. விசில், சைரன், "எல்லாரும் வெளிய வாங்க" என்ற கூப்பாடு. வழுக்கும் பாறையில் கைக்குழந்தையோடு நின்றவளை இழுத்தாள், சோப்பைத் தேடிக்கொண்டிருந்தவளை அதட்டினாள், கடைசி ஆள் மேலே ஏறும்வரை நகரவில்லை. கயிறு கட்டி வழியை அடைத்த பிறகுதான் போனை எடுத்தாள். இத்தனை வருஷம் பொய்யாகச் சொன்ன காரணம் இன்றைக்கு நிஜமாகிவிட்டது.

"எலே மணி, என்னால வர முடியல. நெசமாவேலே. இங்கன வெள்ளம் வந்துட்டு, நான் நவுர முடியாது. முகூர்த்தம் போயிரும். அத்தையவே போடச் சொல்லு." எதிர்முனையில் மேளச் சத்தம் கேட்டது. "ம்" என்றான் தம்பி. வைத்துவிட்டான்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஈரத் துணியோடு ஒரு ஊர்க் கூட்டம் நின்று அருவியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் ஹாரன் சத்தம். விலகச் சொல்லித் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். தம்பியின் பால் வண்டி.

பின்னால் கேன்களுக்கு நடுவிலிருந்து சந்தன நிறப் பட்டுச்சேலையில் பெர்சிஸ் குதித்து இறங்கினாள். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கை பிடரியைப் பொத்தியிருந்தது. இசக்கிமணி மாலையோடு டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினான். முன் சீட்டில் கும்பா மாதிரி உட்கார்ந்திருந்தாள் அத்தை ரெங்கம்மாள்.

"மொத முடிச்சு நேரத்துல போட்டாச்சு மதினி" என்றாள் பெர்சிஸ். ஏல மார்க்கெட் குரல் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "ஒத்த முடிச்சோட பிடிச்சிக்கிட்டே வாரேன். கை வலிக்கி. மத்த ரெண்டையும் போடுங்க."

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? அத்த இருக்காவல்லா?"

"கேட்டாவ. நான் கழுத்தக் குடுக்கல."

நிர்மலாதேவி அத்தையைப் பார்த்தாள். சுரண்டை மேடையில் நின்ற அதே பெண்ணாகத்தான் அந்த நிமிஷத்தில் நின்றாள். தொப்பி, சட்டைக் கையில் மூன்று பட்டை, விசில் எதுவும் உதவவில்லை. கை தானாகப் பின்னால் போய்விட்டது.

ரெங்கம்மாள் வண்டியைவிட்டு இறங்கினாள். சேற்றில் கால் வைத்து, முகத்தைச் சுளித்து, வானத்தைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது ஒரே பயம்தான். நியாயம் அநியாயம் எல்லாம் அப்புறம். தாலி அரைகுறையாகத் தொங்குகிறது. வாழாதவள் போட்ட முடிச்சைவிட, போடாத முடிச்சு பெரிய அபசகுனம்.

"என்னட்டீ மலச்சிப்போய் நிக்கே?" என்று கத்தினாள். "முகூர்த்தம் போவுது. போடுட்டீ!"

பெர்சிஸ் திரும்பி நின்று தலையைக் குனிந்தாள். நிர்மலாதேவி ஈரக் கையைக் கோட்டில் துடைத்தாள், கோட்டும் ஈரம். மஞ்சள் கயிற்றைப் பிடித்தாள். இரண்டாவது முடிச்சு. மூன்றாவது முடிச்சு. யாரும் வாங்கவில்லை. கூட்டத்தில் ஈரச் சேலையோடு நின்ற யாரோ ஒரு வெளியூர்க்காரி குலவை போட, முன்னப்பின்னத் தெரியாத பெண்களெல்லாம் சேர்ந்து போட்டார்கள். நிர்மலாதேவி அழுதாள். மறைக்கவில்லை, மறைக்கத் தோன்றவும் இல்லை. தம்பி பக்கத்தில் வந்து நின்றான். அவன் வேட்டி ஒரு பக்கம் தூக்கிக் கோணலாக இருந்தது. குனிந்து அதை இழுத்துச் சரிசெய்தாள்.

சொக்கம்மாள் தன் போனை அவள் கையில் திணித்தாள். மறுமுனையில் இன்ஸ்பெக்டர்.

"சார், பெண்கள் பக்கம் எல்லாரையும் ஏத்தியாச்சு, கயிறு கட்டியாச்சு. சொக்கம்மாள் இருக்கா. எனக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் வேணும் சார். வீட்டுல கல்யாணம்."

"என்னம்மா இது, முன்னாடியே சொல்லக்கூடாதா? யாருக்குக் கல்யாணம்?"

"தம்பிக்கு சார்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "நான்தான் சார் நாத்தனார் முடிச்சுப் போட்டேன்."